கரையும் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. ஊருக்கான வேலையை யார் செய்வது, எதுவரை செய்வது, செய்தால் வரும் வம்பை யார் தாங்குவது என்பதே அவற்றின் சாரம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

*எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடக்கிறது. நாமே வெட்டிவிடலாம் என்று இளைஞர்கள் துடிக்கிறார்கள். பெரியவர்களோ, "வரி வாங்குவது அரசாங்கம், மண்வெட்டி பிடிப்பது நாமா?" என்று கேட்கிறார்கள். எது சரி?*
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்*

ஐயா, பெரியவர்கள் கேட்பதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. பொறுப்பை ஏற்றிருப்பவர்களை அவர்கள் வேலையைச் செய்யும்படி கேட்பதும் குடிமக்களின் கடமைதான். நாமே எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தால் அந்தப் பொறுப்பு காகிதத்தில் மட்டும் தங்கிவிடும்.

ஆனால் இளைஞர்களின் பக்கம் இன்னொரு நியாயம் இருக்கிறது. கரையில் எலி வளை விழுவதையும், மடையில் கசிவு தொடங்குவதையும், வரத்துக்காலில் எவரோ குறுக்கே வரப்புப் போடுவதையும் முதலில் பார்க்கிறவர் ஊர்க்காரரே; முப்பது மைல் தொலைவில் இருக்கும் பொறியாளர் அல்லர். அதனால்தான் குடிமராமத்து என்ற வழக்கம் நம்மிடம் இருந்தது. பாசனம் பெறுகிறவர்கள் ஆண்டுதோறும் கூடிக் கால்வாயைச் செதுக்கி, கரையை உயர்த்தி, மடையைச் சரிசெய்வார்கள். அந்த வழக்கம் தளர்ந்தபோது சென்னை மாகாண அரசு 1858இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. சட்டம் போட்டும் வழக்கம் திரும்பவில்லை. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, பாசன விவசாயிகளையும் சேர்த்துக்கொண்டு ஏரிகளைச் சீரமைக்க நிதி ஒதுக்கியது.

பழைய குடிமராமத்தை அப்படியே போற்ற எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரையில் மண் சுமந்தவரும் வயலுக்குத் தண்ணீர் பெற்றவரும் பல ஊர்களில் ஒருவராக இருக்கவில்லை. நிலமில்லாதவர், ஒடுக்கப்பட்ட தெருவில் இருந்தவர், ஊரார் ஏவலுக்கு மறுக்க முடியாமல் கூடை தூக்கினார். நீங்கள் இப்போது தொடங்கும் வேலையில் அந்த நிழல் விழக் கூடாது. எல்லாத் தெருவுக்கும் அழைப்புப் போக வேண்டும். நிலமுள்ளவர் பணமாகவோ உடலுழைப்பாகவோ முதலில் தர வேண்டும். அன்றாடக் கூலியை நம்பி இருப்பவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.

இனி வேலைக்கு வருகிறேன். மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்ற நில விவரப் பதிவேட்டையும், நில அளவைக் காட்டும் புலப்படத்தையும் பாருங்கள். வரத்துக்கால் எந்தப் புல எண்ணில் ஓடுகிறது, எத்தனை அகலம், எங்கே பட்டா நிலம் தொடங்குகிறது என்பது அதில் இருக்கும். ஆக்கிரமிப்பு இருந்தால் நீங்களே வேலியைப் பிடுங்க வேண்டாம். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அளந்து, அறிவிப்புக் கொடுத்து அகற்றும் வேலையை அதிகாரிகள்தாம் செய்ய வேண்டும். ஊருக்குள் அடிதடியில் முடிந்த நல்ல முயற்சிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில் அவசரப்பட்டவை. பொறுப்பில் இருக்கும் துறையிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். வண்டல் எடுக்கவும் முறையான அனுமதி தேவை. மண் எங்கே போகிறது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

கண்மாயில் தண்ணீர் தேங்கும் உள்வாயைத் தோண்டும்போது கரையை ஒட்டி ஒருபோதும் தோண்டாதீர்கள். கரையின் கால் பலமிழக்கும். மடையின் வாய்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் வெட்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. கால்நடைக்கும் நிலத்தடி நீருக்கும் அது உதவும் என்றாலும், பாசனத்துக்கு என்று பணம் திரட்டியவர்கள் இதை முதலிலேயே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். சீமைக்கருவேலத்தை மேலே வெட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால், அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் கரைமேல் நிற்பதை வேரோடு பிடுங்கினால் அந்தக் குழியை மண்ணிட்டு இறுக்காமல் விடக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். தேநீர்க் கடைச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று சணல் கயிற்றில் தொங்கியது. அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் பெயர், பொக்லைன் ஓடிய மணிக்கணக்கு, டீசல், மிகுநீர் வழியும் கலிங்கில் பூசிய சிமெண்ட் மூட்டை எல்லாம் தேதிவாரியாக எழுதப்பட்டிருந்தன. ஒரு வரியில், ஒரு மூதாட்டி கொடுத்த ஐம்பது ரூபாய்க்கு நேராக, "ஆட்டுக்குட்டி விற்ற காசில்" என்று எழுதியிருந்தது. தேநீர் குடிக்க வருகிற எவரும் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அந்த ஊரில் பணத்தைப் பற்றி ஒரு வதந்தியும் எழவில்லை. அடுத்த ஐப்பசியில் இரவு மழையில் கரை கசிந்தபோது, யார் யாரை எழுப்புவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்று கடைக்காரர் சொன்னார். நோட்டில் இருந்தவர்கள் சாக்கோடு வந்து நின்றிருக்கிறார்கள்.

ஆகவே இளைஞர்களை வெட்டச் சொல்லுங்கள், பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். துறைக்கு மனு எழுதும் கையும் மண்வெட்டி பிடிக்கும் கையும் ஒரே ஊரில் இருப்பது நல்லதுதான்.

*கிராம சபை என்று சொல்லிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை உட்காரவைத்துக் கணக்குக் காட்டுகிறார்கள். இதற்கு நான் போகத்தான் வேண்டுமா?*
*– வாசகி, கோவில்பட்டி அருகே*

போகத்தான் வேண்டும் அம்மா. கையெழுத்துப் போடுவதை மட்டும் தள்ளிவையுங்கள்.

குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நீங்கள் அங்கே விருந்தாளி அல்லர். மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைவெண் வரம்பும் இருக்கிறது: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் உங்கள் கையெழுத்தை அவ்வளவு ஆவலாகக் கேட்கிறார்கள். உங்கள் கையெழுத்துக்கு விலை இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அதைக் கூட்டத்தில் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்திடுகிறேன் என்று அமைதியாகச் சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் குரல் நடுங்கும். உங்கள் தெருவிலிருந்து நான்கு பெண்கள் சேர்ந்து போங்கள். கேட்க வேண்டியதை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். "தெருவிளக்கு எரியவில்லை" என்பதைவிட, "மேலத்தெருவில் மூன்றாவது, ஏழாவது கம்பங்களில் தீபாவளியிலிருந்து விளக்கு இல்லை, பராமரிப்புக்கு இந்த ஆண்டு எவ்வளவு செலவு எழுதப்பட்டிருக்கிறது?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் நழுவுவது கடினம்.

அந்த நூறு நாள் வேலைப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் தலைகளாக நாம் பார்க்க வேண்டாம். ஊரில் எந்த வாய்க்கால் எத்தனை அடி வெட்டப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. முதல் கேள்வியை அவர்களில் ஒருவர் கேட்கும்படி செய்ய உங்களால் முடிந்தால், அந்தக் கூட்டம் வேறு கூட்டமாகிவிடும்.

*எங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் சாலை ஆறு மாதத்தில் பெயர்ந்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில், "ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?" என்று கேட்டேன். "இது தகவல் அல்ல" என்று பதில் வந்தது. வேறு வழி உண்டா?*
*– கல்லூரி மாணவர், தருமபுரி*

தம்பி, கோபத்தில் கேட்ட கேள்விக்குச் சட்டம் இடம் தரவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத் தரச் சொல்கிறது. விளக்கம் சொல்லச் சொல்லவில்லை. ஆகவே "ஏன்" என்பதை விட்டுவிட்டு, மதிப்பீட்டின் நகல், வேலை உத்தரவின் நகல், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் அந்தச் சாலைக்கான பக்கங்களின் நகல், பட்டியல் தொகை வழங்கிய தேதி, ஒப்பந்தக்காரர் எத்தனை காலம் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவற்றைக் கேளுங்கள். மதிப்பீட்டில் ஆறு அங்குலக் கனம் என்று இருந்து, பெயர்ந்த இடத்தில் அளவுகோலை வைத்தால் நான்கு அங்குலம் வருகிறது என்றால், நீங்கள் கேட்க நினைத்த "ஏன்" அங்கேயே எழுந்து நிற்கும். வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் இதே சட்டம் உரிமை தருகிறது. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

கட்டணம் 10 ரூபாய். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்தது திருப்தி இல்லாவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். கொண்டுசேர்த்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். நீங்கள் வெளியூரில் படிக்கிறீர்கள், ஊரில் பெற்றோர் தனியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஒரே பெயரில் எல்லாவற்றையும் கேட்காமல், தெருவில் நம்பிக்கையானவர்கள் ஐந்தாறு பேர் ஆளுக்கு ஒன்றாகக் கேளுங்கள். தைரியத்தைப் பங்கிட்டுக்கொள்வதில் தவறில்லை.

*இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்தவரை என் வண்டியில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தேன். நீதான் மோதினாயா என்று கேட்டு இரவு முழுக்க உட்காரவைத்தார்கள். பிறகு மூன்று முறை அலையவிட்டார்கள். போன மாதம் இன்னொருவர் கிடப்பதைப் பார்த்தும் நிற்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.*
*– வாடகை வண்டி ஓட்டுநர், உளுந்தூர்பேட்டை*

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை நீங்கள் செய்தது பெரிய காரியம். அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் உங்களைக் குற்றவாளிபோல் நடத்தியது அநியாயம். இரண்டாம் முறை நிற்காமல் போனதற்கு அந்த அநியாயத்துக்கும் பங்கு இருக்கிறது. முழுப் பழியையும் உங்கள் தலையில் நீங்களே ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இப்போதைய சட்டத்தை உங்களுக்கும், உங்கள் வண்டி நிறுத்தத்தில் இருக்கும் மற்ற ஓட்டுநர்களுக்கும் சொல்ல வேண்டும். 2016இல் உச்ச நீதிமன்றம் இப்படி உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு அளித்து உத்தரவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 134-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு, எந்தப் பலனும் எதிர்பாராமல் உதவுகிறவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது. அடிபட்டவரைச் சேர்த்தவுடன் நீங்கள் புறப்பட்டுவிடலாம். பெயர், முகவரி, தொலைபேசி எண் சொல்லும்படி எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனை உங்களிடம் முன்பணம் கேட்கவோ, உங்களைத் தடுத்து வைக்கவோ கூடாது. சாட்சி சொல்ல நீங்களாக முன்வந்தால் மட்டுமே விசாரிக்கலாம். அதையும் உங்களுக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் செய்ய வேண்டும். செலவை எண்ணியும் பலர் தயங்குகிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு, அவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வரம்புக்குட்பட்ட செலவை அரசு ஏற்கிறது.

சட்டம் இருப்பதும் சாவடியில் இருக்கும் காவலருக்கு அது தெரிந்திருப்பதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். அந்த விதிகளின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை அச்சிட்டு வண்டியின் முன்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டவரைத் தூக்குவதற்கே பயமாக இருக்கும் நேரத்தில், அல்லது முதுகிலும் கழுத்திலும் அடி என்று தோன்றினால், அவரை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். பின்னால் வரும் வண்டி ஏறிவிடாமல் உங்கள் வண்டியை விளக்கெரிய ஓரமாக நிறுத்தி, ஊர்தி வரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நினைவு தப்பியவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். இரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். போன மாதம் நின்றிருக்கலாமே என்ற நினைப்பு அவ்வளவு எளிதில் போகாது. அது உங்களை அடுத்த முறை நிற்கவைக்கும் என்று நம்புகிறேன்.

*பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். குப்பை பிரிப்பது முதல் பூங்கா வரை எல்லாவற்றுக்கும் அலைந்தேன். இப்போது பூங்காப் பணத்தில் கைவைத்தேன் என்று ஒருவர் பேசுகிறார். மனம் விட்டுப்போய்விட்டது. விலகலாமா? விலகினால் எல்லாம் பாழாகிவிடுமோ?*
*– வாசகி, திருச்சி*

அம்மா, உங்கள் கடிதத்தில் குப்பை பிரிப்பதைப் பற்றிய பகுதி என்னை நிறுத்திவைத்தது. தெருவில் குப்பை வாங்க வரும் பெண்ணின் உள்ளங்கையில் உடைந்த டியூப்லைட் கண்ணாடி ஏறியதும், மறுநாளே அவர் துணி சுற்றிய கையோடு வண்டி தள்ளி வந்ததும்தான் உங்களை வீடு வீடாக ஏறவைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மக்குவது, மக்காதது, கண்ணாடியும் ஊசியும்போல ஆபத்தானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. ஆனால் உங்கள் தெருவில் அது நடந்தது விதியால் அல்ல, ஒரு கையைப் பார்த்து நீங்கள் பொறுக்காமல் போனதால். அந்தக் கையை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைப் பேசுவோம்.

பழி சொல்கிறவரிடம் உங்கள் நேர்மையைப் பற்றி வாதாட வேண்டாம். கணக்கைக் காட்டுங்கள். இது உங்களை அவமதிப்பதற்காகக் கேட்பது என்று எண்ண வேண்டாம். பொதுப்பணத்தைத் தொட்ட எவருக்கும் இது புதிதன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள் யார் என்று சொல்லும் இடத்தில், முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் என்று வருகிறது. அந்தச் சபை அந்தணர் ஊர் ஒன்றின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. அதைக் குடியாட்சியின் தொட்டில் என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த ஒரு விதி மட்டும் எந்தச் சபைக்கும் பொருந்தும்.

பூங்காவுக்கு வந்த பணம், போன பணம், பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதி, சங்கத்தில் இல்லாத இருவரைக் கொண்டு சரிபார்க்கச் செய்து, பூங்காவின் வாசலிலேயே ஒட்டுங்கள். பேசியவரையும் சரிபார்க்க அழையுங்கள். சீட்டுத் தொலைந்த செலவு ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும்; அதை மறைக்காமல், "சீட்டு இல்லை" என்றே எழுதுங்கள்.

அதன் பிறகு விலகுங்கள். ஆம், விலகலாம் என்றே சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரே சுமந்த வேலையை மற்றவர்கள் கற்றுக்கொள்ள வாய்ப்பே இருந்திருக்காது. பாழாகிவிடும் என்ற உங்கள் அச்சத்துக்கு அதுதான் காரணம். ஆறு மாதம் தவணை வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியில் எந்த மேசைக்கு எந்த மனு போகும், மேற்பார்வையாளரை எந்த நேரத்தில் பிடிக்கலாம், பூங்காக் குழாயின் அடைப்பான் எங்கே புதைந்திருக்கிறது என்பதெல்லாம் உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கும். அதை ஒரு நோட்டில் இறக்குங்கள். புதிதாக வருகிற இருவரையும் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் உடன் அழைத்துப் போய், "இனி இவர்கள் வருவார்கள்" என்று முகம் காட்டுங்கள். அவர்கள் உங்களைப்போல் செய்ய மாட்டார்கள். பூங்காவில் நீங்கள் வைக்க நினைத்த செடி ஒன்று இருக்க, அவர்கள் வேறொன்றை வைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாளில் இருப்புத் தொகையைப் பைசாவரை எண்ணி ஒப்படைத்து, பெற்றுக்கொண்டவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சாவிக்கொத்தையும் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வரும். அந்தக் குப்பை வண்டிப் பெண் தெருமுனையில் மணி அடிக்கும்போது, உங்கள் வீட்டுக் கூடைகள் மூன்றையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.